விரலில் பலம் இல்லை

பதினாறு வயதில் வீணையை விட்டேன். "உனக்கு விரலில் பலம் இல்லம்மா" என்றார் சொல்லிக்கொடுத்தவர். அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். முத்துஸ்வாமி தீட்சிதர் வீணை வாசித்த ஊர் திருவாரூர். ஆனால் எங்கள் தெருவில் அது பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் வித்தை. நான் தேறவில்லை, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு மகள் பழைய எலெக்ட்ரிக் கிடார் ஒன்று வாங்கினாள். பத்து நாளில், "விரல்ல பலம் பத்தலம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

விரலை விட்டுவிட்டு கிடாரைப் பார்த்தோம். தடித்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில், ஏழாவது மெட்டருகே, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். எங்களுடையதில் ஒரு ரூபாய் நாணயமே நுழைந்தது. தந்திகளின் இழுப்பில் கழுத்து முன்னால் வளைந்திருந்தது. ஐப்பசி ஈரத்தில் நம்மூர்க் கதவே நிலையில் பிடிக்கிறது, கிடார் மட்டும் சும்மா இருக்குமா?

கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி உண்டு. ஆலன் சாவியால் வலப்பக்கம் கால் திருப்பு. சுருதி சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும். இறுகினால் முரட்டுத்தனம் கூடாது. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "கடையில யாராச்சும் ஆம்பளைகிட்ட குடுக்கலாமே" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன்.

பிறகு குதிரையின் சின்னத் திருகுகள். பன்னிரண்டாவது மெட்டில் தடித்த தந்தி சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லியது 1.5 உயரம் என்று இறக்கினோம். ஒரு தந்தி மெட்டில் உரசி இரைந்தது, சற்றே ஏற்றினோம். அதே மெட்டில் அழுத்தும்போது சுருதி கூடினால் அந்தத் தந்தியின் சேணத்தைப் பின்னால் தள்ள வேண்டும். மாலைக்குள் மகள் ஒரு மணி நேரம் வாசித்தாள். விரல் அதே விரல்தான்.

அன்றிரவு பரணிலிருந்து வீணையை இறக்கினேன். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் நிற்கின்றன. மெழுகு தளர்ந்தாலும் மெட்டு தேய்ந்தாலும் புதிதாக மேளம் கட்ட வேண்டும். நான் கற்ற ஆறு வருஷத்தில் இதற்கு ஒருமுறைகூட மேளம் கட்டியதில்லை. தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவுமில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை. மகளின் ஸ்கேலை வைத்தேன். கிடாரில் நாங்கள் இறக்கியதைப்போல மும்மடங்கு. வீணைத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வேண்டும், கிடார் அளவு அதற்குப் பொருந்தாதுதான். இருந்தாலும் இது அதிகம்.

மேளம் கட்டுபவர் தஞ்சாவூரிலிருந்து வியாழக்கிழமை வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். "எதுக்கும்மா?" என்றார். கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.