ஆயுத பூஜைக்கு, அம்பத்தூரிலிருந்து

அன்புள்ள ஆயுத பூஜையே,

நவராத்திரியின் ஒன்பதாம் நாளாக நீ எல்லா ஊருக்கும்தான் வருகிறாய். ஆனால் 1964-இல் உருவான எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உனக்கிருக்கும் உரிமையே தனி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டறையைப் பூட்டிவிட்டு ஆட்கள் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். பட்டறைக்குள்ளேயே வந்து கொண்டாடப்படுகிறவள் நீ மட்டும்தான்.

ஆயுத பூஜையே, என் அப்பாவை எனக்குக் காட்டியவள் நீ. வருடம் முழுக்க அவர் வேலை எங்களுக்குச் சட்டையில் வீசும் கூலன்ட் வாசனையாகவும், நக இடுக்கில் எத்தனை தேய்த்தாலும் போகாத கருப்பாகவும்தான் தெரியும். உன் நாளில் அம்மாவும் நானும் கேட்டைத் தாண்டி உள்ளே போவோம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, இரும்புச் சுருளெல்லாம் வாரியெடுத்து, திருநீற்றுப் பட்டையும் சந்தனம் குங்குமமும் மாலையுமாக நிற்கும் அவருடைய லேத். எந்தக் கைப்பிடி எதற்கு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் ஷாஃப்ட் ஏன் தேறாது என்று அப்பா சொல்லிக்கொண்டே போவார். வீட்டில் அளந்து பேசுகிற மனிதர் அவர்!

ஆயுத பூஜையே, இரும்புக்கும் ஓய்வு வேண்டும் என்று நினைத்தாயே, அதற்கும் நன்றி. ஸ்பேனர், வெர்னியர், சுத்தியல் எல்லாம் வாழையிலையில் சாமியாகிவிடும். மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடமாட்டார்கள். ஐஸ்லாந்தில் உனக்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது, தெரியுமா? 1938-இல் தொடங்கிய கடலோடிகள் நாள். ஜூன் மாத முதல் ஞாயிறு. அன்று மீன்பிடிக் கப்பல்கள் துறைமுகத்திலேயே நிற்கும். துடுப்புப் போட்டி நடக்கும். கடலில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செய்வார்கள். சில ஊர்களில் குடும்பத்தாரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வருவதும் உண்டு. அங்கேயும் பிள்ளைகள் அப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்கிறார்கள்.

ஆயுத பூஜையே, ஆவடி, பூந்தமல்லி டிப்போ பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டி அழகு பார்க்கிறாய். ஆட்டோ ஸ்டாண்டில் பொரி அள்ளித் தருகிறாய். உன் பேரைச் சொல்லி நடுரோட்டில் பூசணிக்காய் உடைப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் சொல்லிவை. பின்னால் டூவீலரில் வருகிறவர் சறுக்கி விழுகிறார்.

ஆயுத பூஜையே, இப்போது லேத்தில் நிற்கும் ஒடிசா, பீகார் தம்பிகளையும் நீ சேர்த்துக்கொண்டாய். செப்டம்பர் 17-இல் விஸ்வகர்மா பூஜை கொண்டாடி வளர்ந்தவர்கள் அவர்கள். மிஷினுக்குப் பொட்டு வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூஜையே, எல்லாவற்றையும்விடப் பெரிய கடன் ஒன்று உண்டு. ஆர்டரே இல்லாமல் பாதி மிஷின்கள் நின்றுபோயிருந்த வருடம் அது. போனஸ் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முந்தின நாளே வந்து, ஓடாத மிஷின்களையும் ஓடுகிற மிஷின்களைப் போலவே துடைத்தார்கள். முதலாளி பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் வாங்கி வந்திருந்தார். சின்னக் கவரை நீட்டும்போது அவரால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எல்லோரும் தரையில் சேர்ந்து உட்கார்ந்து பொரி சாப்பிட்டோம், முதலாளியும்தான்.

என்றும் உன்,
அம்பத்தூர் டர்னர் ஒருவரின் மகள்