தனியே சென்றோம், கூடித் திரும்பினோம்

ரயில்வேயில் எழுத்தராக இருப்பவருக்கு ஊர் சுற்றுவது மிக எளிது என்று அன்பர்கள் பலர் எண்ணுகின்றனர். ஆண்டுதோறும் இலவச பாஸ் உண்டு. நம்மைச் சார்ந்து வாழும் தாயாரையும் அதில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆயினும் பாஸ் நம்மிடம் இருந்ததே ஒழிய, பயணம் இருந்ததில்லை. டில்லிக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் நாம் அறிந்த தடம் ஒன்றுதான்: இங்கிருந்து திருநெல்வேலி, திருநெல்வேலியிலிருந்து இங்கே.

நம் வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதன் அக்டோபர்த் தாளில் செக்கச் சிவந்த ஒரு மரத்தின் படம் இருந்தது. தாயார் அதைப் பார்த்துவிட்டு, "மரம் தீப்பிடிச்சு எரியறாப்போல இருக்கே, இது மெய்யா? சாயம் பூசினதா?" என்று கேட்டார்கள்.

"மெய்தான் அம்மா. காஷ்மீரத்துச் சினார் மரம்."

"ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமாப்பா?"

"வருகிற வருஷம் போவோம்" என்றோம். அடுத்த ஆண்டும் கேட்டார்கள். அதே விடையைச் சொன்னோம். இப்படி நான்கு முறை. மாதம் மாறினாலும் அந்தத் தாளை மட்டும் கிழிக்க விடமாட்டார்கள். 2023-ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர்கள் மறைந்தார்கள். பாஸ் கணக்கில் அவர்கள் பெயரைச் சிவப்பு மையால் நாமே அடித்தோம். இந்த உத்தியோகத்தில் எத்தனையோ பெயர்களை அடித்திருக்கிறோம். கை நடுங்கியது அன்றுதான்.

மறு ஆண்டு, 2024 அக்டோபர் இறுதியில், நாம் தனியே காஷ்மீரம் புறப்பட்டோம். தனி ஆளாகச் சுற்றுலா செல்வதில் ஒரு சங்கடம் உண்டு. அறைக் கணக்கெல்லாம் இருவருக்கு என்றே போடப்பட்டிருக்கும். ஒருவராகப் போனால் மிகுதிப் பணம் கட்ட வேண்டும். ஆகவே துணையின்றி வருவோரையே ஒன்று சேர்த்து, வழிகாட்டி ஒருவருடன் அனுப்பும் ஒரு குழுவில் சேர்ந்தோம். ஆடவரும் பெண்டிருமாகப் 14 பேர். ஆடவர்க்கு ஆடவரும் பெண்டிர்க்குப் பெண்டிருமாக அறைக்கு இருவர். நமக்கு வாய்த்தவர் டாட்டாநகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். முதல் நாள் வண்டியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சன்னலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து இடத்தில் பையை வைத்துவிட்டோம். தனியே வருபவர்க்குப் பைதான் துணை போலும்!

ஜம்மு வரை இரவு ரயில். அக்காலத்தில் ஜம்முவிலிருந்து பள்ளத்தாக்குக்குத் தொடர்ச்சியான இருப்புப்பாதை இல்லை. மலைச்சாலையில் வேனில் ஏறிப் பனிஹால் சேர்ந்து, அங்கே மீண்டும் ரயில் பிடித்தோம். பனிஹாலை விட்டதும் பீர் பஞ்சால் மலையைக் குடைந்த சுரங்கம் வருகிறது. நீளம் 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 2013-இல் திறக்கப்பட்டது. நம் இலாகாவின் கைவரிசையைப் பிறர் முன்னிலையில் பார்க்கும்போது யாருக்குத்தான் பெருமிதம் வராது? குழுவினருக்கு அதை விளக்கிச் சொல்லி முடிக்குமுன் இருள் நீங்கியது. மலைக்கு அப்புறம் வேறோர் உலகம்! அறுவடை முடிந்த நெல்வயல்கள், வைக்கோற் போர்கள், வரிசையாகப் பொன் பூசி நின்ற பாப்ளர் மரங்கள். நெல்வயலைக் கண்டதும் நமக்குத் தாமிரபரணிக் கரைதான் நினைவுக்கு வந்தது.

இலையுதிர்காலத்தைக் காஷ்மீரத்தார் 'ஹருத்' என்கின்றனர். பகல் குறுகி, இரவு குளிர்ந்ததும் இலையிலுள்ள பச்சையம் அழிகிறது. அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ புதிதாகத் தோன்றுவது. இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து மரம் கடைசி நாட்களில் ஆக்கிக்கொள்ளும் நிறம் அது. பின்பு காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உண்டாகி இலை கழன்று விழுகிறது. ஆக, அது நோயுமன்று, தீயுமன்று. குளிர்காலத்துக்கு மரம் செய்துகொள்ளும் ஆயத்தமே. இந்த விளக்கத்தைச் சொல்ல நாட்காட்டி முன் நின்றவர் இல்லையே என்று மனம் வருந்தியது.

நிஷாத் தோட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. நூர்ஜகானின் தமையனார் ஆசப்கான் 1633-இல் அமைத்த தோட்டம் அது. மலையடியிலிருந்து தால் ஏரி நோக்கிப் படிப்படியாக இறங்குகிறது. இரண்டு நாட்களாக நாமும் பெரியவரும் இந்தியிலேயே பேசி வந்தோம். இருவர் பெயரும் எந்த மாநிலத்துக்கும் பொருந்தும் பெயர். படியில் கிடந்த ஈரச் சருகு வழுக்கிப் பெரியவர் சாய்ந்தார், "ஐயோ, முருகா!" என்றார். நாம் தாங்கிப் பிடித்துக்கொண்டே, "ஐயா, தாங்கள் தமிழரா?" என்றோம். "அடடா, ரெண்டு நாளா இந்தியிலே கழுத்தறுத்தீரே தம்பி!" என்று அவர் சிரித்த சிரிப்பில் குழு முழுவதும் சிரித்தது. அன்று முதல் வண்டியில் பைகள் மேலே ஏறின. மனிதர்கள் பக்கத்தில் அமர்ந்தனர்.

மறுநாள் பாம்பூரில் குங்குமப்பூ வயல்களைப் பார்த்தோம். ஊதா நிறப் பூ ஒவ்வொன்றிலும் சிவந்த இழைகள் மூன்றே. ஒரு கிராம் சேர 150 பூக்கள் அளவில் வேண்டும். எல்லாம் கையால் பறிப்பது. விலையைப் பற்றி இனி முணுமுணுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

அதன்பின் நசீம் பாக். ஹஜ்ரத்பாலுக்கு அருகில், இன்று காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் முகலாயர் காலத்துத் தோட்டம். இங்கேதான் நாட்காட்டியின் மரத்தைக் கண்டோம், ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். ஐந்து விரல் விரித்த உள்ளங்கை போன்ற இலைகள் சிவந்து, பழுத்து, ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தன. வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் சருகுகளைக் கூட்டிக் கூடையில் அள்ளினார். எதற்கென்று வழிகாட்டியைக் கேட்டோம். சருகை எரித்து, முழுதும் சாம்பலாகுமுன் நீர் தெளித்துக் கரியாக்கிச் சேமிப்பார்களாம். பனிக்காலத்தில் அந்தக் கரி 'காங்கிரி' என்னும் சட்டியில் கனலாகி, அங்கியினுள் உடலுக்குச் சூடு தருமாம்.

ஊரில் நம் தாயார் வேப்பஞ்சருகைக் கூட்டி வெந்நீர் அடுப்புக்குச் சேர்த்து வைப்பார்கள். குனிந்த முதுகு, இடுப்பில் ஒரு கை, அதே தோற்றம். மேலே நிமிர்ந்து பார்க்க நம்மால் முடியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் அந்த நான்கு 'வருகிற வருஷங்களை'யும் சொல்லிவிட்டோம்.

அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. சற்று நேரம் கழித்து, "என் வீட்டுக்காரிக்குக் குளிர் ஆகாது தம்பி. அவளுக்கு இது பிடிச்சிருக்கும்னு நான் பொய் சொல்லமாட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லாம இருந்தது" என்றார். பிறகு, "நாளைக்கும் சேர்ந்தே உட்காருவோம்" என்றார்.

'காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. நாம் சிரிக்கவில்லை, ஆனால் விழுகிற ஓலையை நிமிர்ந்து பார்க்க நமக்கு நேரமில்லாதிருந்தது. பிழை அதுவே.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட செய்தி கேட்டு நாம் திகைத்திருந்த இரவில், அந்தக் குழுவினர் ஒருவர் விடாமல் தொலைபேசியில் அழைத்து ஒருவரை ஒருவர் நலம் கேட்டனர். தனியே புறப்பட்டவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதே ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில்பாதை திறக்கப்பட்டது. ஆற்றுப்படுகைக்கு 359 மீட்டர் மேலே செனாப் பாலத்தைக் கடந்து வண்டி செல்கிறது. வேனில் குலுங்கிய முழங்கால் வலி இனி மூத்தவர்களுக்கு இல்லை.

சினார் சிவப்பது அக்டோபர்க் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை. காலைக் குளிர் கடுமையானது. கம்பளியும் காலுறையும் தவறாமல் எடுத்துச் செல்க.

அன்பர்களே, உங்கள் வீட்டு மூத்தவர், "ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டால், "வருகிற வருஷம்" என்று சொல்லாதீர்கள். அன்றே சீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். வண்டி நேரமோ, விதியோ, படிவமோ புரியாவிட்டால் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். நாம் அங்கே இருப்போம், எழுதித் தருகிறோம்.