பாதி நேரம் இருட்டு!



சினிமாவைப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதுமே, "படிக்கற வயசுல என்ன சினிமா?"ன்னு நாலு பேர் கேட்டாச்சு. பயப்படாதீங்க! இதில் நடிகர் பேரும் வராது, பாட்டும் வராது. தியேட்டரில் நான் படிச்ச ஒரு பாடம்தான் வரும்.

முதல்ல நம்ம ஊர்ப் பெருமை ஒண்ணு. தென்னிந்தியாவில் ஊர் ஊராப் போய்ப் படம் காட்டிய முன்னோடி, கோயம்புத்தூர்க்காரர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கையிலிருந்த வேலையை விட்டுட்டு, கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பிட்டார்! அப்புறம் 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரையே கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்று இன்னைக்கும் சொல்றோமே, அது அந்தப் பேர்தான்.

மாசச் சம்பள வேலையை விட்ட அன்னைக்கு ராத்திரி அவர் தூங்கியிருப்பாரா? எனக்கு இந்தக் கேள்வி வரக் காரணம், எங்க வீட்டிலும் அப்படி ஒரு ராத்திரி வந்தது.

எங்க வீடு சோமனூர்ப் பக்கம். தறி வீடு. வீட்டை ஒட்டியே குடோன், அதில் நாலு தறி. நம்ம ஸ்கூல்ல பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைங்கதான், அதனால உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்தினாங்களே, அப்போ எங்க தறியும் நின்னது. அப்புறம் ஓடுச்சு. ஆனா கூலி கட்டுப்படியாகலை. ஒரு தறி ஓடும், மூணு நிக்கும். கடைசியில் போன வருஷம் அப்பா நாலையும் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துட்டார். தாத்தா காலத்துத் தறி, எடை போட்டு லாரியில் ஏறிப் போச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வரலை. அழுகையாலன்னு நினைக்காதீங்க. சத்தம் இல்லாததால! பிறந்ததிலிருந்து "டடக் டடக்"னு கேட்டுக்கிட்டே தூங்கின காது. கரண்ட் போனா முழிச்சுக்கற குடும்பம் எங்களுது. ஒன்பதரை மணி இருக்கும். திடீர்னு அப்பா எழுந்து, "எல்லாரும் கிளம்புங்க. செகண்ட் ஷோ போலாம்"னார்.

அம்மா, "கடன்காரன் பார்த்தா என்ன நினைப்பான்?"னாங்க. அப்பா பதில் சொல்லலை, சட்டையை மாட்டிட்டார். வண்டியில் நாலு பேர். தம்பி முன்னாடி, நானும் அம்மாவும் பின்னாடி.

தியேட்டரில் பழைய படம் ஒண்ணை மறுபடியும் போட்டிருந்தாங்க. அம்மாவும் அப்பாவும் கல்யாணமான புதுசுல பார்த்த படமாம். மொத்தமே முப்பது பேர் இருந்திருப்போம். காமெடி சீன்ல அப்பா சிரிச்சார். அம்மா படத்தைப் பார்க்காம அப்பாவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

இடைவேளையில் வண்டி ஸ்டாண்டில் இருந்த பெரியவர் அப்பாவைப் பார்த்துட்டு வந்தார். அந்தத் தியேட்டரில் முப்பது வருஷத்துக்கு மேல ஆபரேட்டரா இருந்தவர். இப்ப டிஜிட்டல் வந்த பிறகு டோக்கன் கிழிக்கிறார். "மேல வந்து பாக்கறயா அம்மணி?"ன்னு எங்களை ஆபரேட்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். புது மெஷின் ஒரு பக்கம். மூலையில் துணி போர்த்தின பழைய புரொஜெக்டர். துணியை எடுத்து, சொந்தப் பிள்ளையைக் காட்டற மாதிரி காட்டினார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதறேன், இயற்பியல் படிக்கறவங்க கவனிங்க!

"ஃபிலிம் ஆத்துத் தண்ணி மாதிரி ஓடறதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க கண்ணு. ஓடாது. நின்னு நின்னு குதிக்கும். ஒரு செகண்டுக்கு 24 படம். ஒவ்வொண்ணும் லைட்டு முன்னாடி வந்து நிக்கும், அப்புறம் கீழ இறங்கும். இறங்கற நேரத்துல இந்தத் தகடு சுத்தி வந்து வெளிச்சத்தை மறைச்சுரும். நின்ன படத்தையும் நடுவுல ஒருக்கா மறைக்கும், அப்பத்தான் திரை மினுங்காது. கணக்குப் பார்த்தா நீங்க படம் பாக்கற நேரத்துல கிட்டத்தட்டப் பாதி, திரையில இருட்டுதான்!"

"இருட்டா? எங்களுக்குத் தெரியவே இல்லையே தாத்தா?"ன்னேன்.

"கண்ணு சேர்த்துக்குது. அந்தத் தகடு இல்லேன்னா வெச்சுக்கோ, படம் மாறறது தெரிஞ்சு எல்லாம் கோடு கோடா இழுத்துக்கும். மூஞ்சியே தெரியாது. மாத்தறப்ப மறைக்கணும். அதான் தொழில்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 1 அடி ஃபிலிமில் 16 படம். இரண்டரை மணி நேரப் படம்னா 13,500 அடி. ஆக 2,16,000 படம்! அத்தனை படத்துக்கும் நடுவில் அத்தனை இருட்டு. ஒரு படம் போய் இன்னொண்ணு வந்து உட்கார்ற இடம் அந்த இருட்டுதான்.

அப்பா அந்தத் தகட்டைக் கையால் மெதுவாச் சுத்திப் பார்த்தார். தறியில் பாவும் ஊடையும் பார்த்த கை அது. "தறி மாதிரியேதானுங்க மாமா... நின்னு நின்னு போகுது"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா சினிமாவுல இருட்டு கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள போயிருது. நமக்கு எத்தனை மாசமோ"ன்னார்.

யாரும் பேசலை. அம்மாதான் சொன்னாங்க: "அது தானாவா ஓடுச்சு? இவரு நின்னு ஓட்டினாரு, ஓடுச்சு. நாமும் ஓட்டுவோம்."

நண்பர்களே, நான் எத்தனையோ பொன்மொழி மனப்பாடம் பண்ணியிருக்கேன். "துன்பம் விலகும், இன்பம் வரும்"னு பேச்சுப் போட்டியில் கைதட்டலும் வாங்கியிருக்கேன். அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்கு முன்னாடி அதெல்லாம் சும்மா! இருட்டு தானா விலகாது. யாராவது ஒருத்தர் கைவலிக்க ஓட்டணும். அந்த ஆபரேட்டர் தாத்தா முப்பது வருஷம் நமக்காக ஓட்டினார். அந்த மெஷின் நின்ன பிறகும் டோக்கனைக் கையில் எடுத்துட்டு வேலைக்கு வந்துட்டார்.

இப்போ அப்பா, ஆட்டோலூம் கம்பெனி ஒண்ணில் ஷிஃப்ட் வேலைக்குப் போறார். முதலாளியா இருந்தவர் டிபன் பாக்ஸ் தூக்கிட்டுப் போறதைப் பார்க்க முதல் வாரம் கஷ்டமாத்தான் இருந்தது. அம்மா வீட்டிலேயே பனியனுக்குப் பிசிர் வெட்டறாங்க. சாயந்திரம் நானும் கூட உட்காருவேன். கடன் இன்னும் தீரலை. ராத்திரி சத்தம் இல்லாமத் தூங்கப் பழகிட்டோம். காலியான குடோனில் தம்பி சைக்கிள் ஓட்டறான்.

நம்ம வகுப்பிலும் படம் மாறிக்கிட்டு இருக்கற வீடுகள் இருக்கு. அப்பா வெளியூர் போயிருக்கலாம், வீடு காலி பண்ணியிருக்கலாம், காலாண்டில் மார்க் குறைஞ்சிருக்கலாம். பெஞ்சில் பக்கத்தில் இருக்கறவங்க ரெண்டு நாளாப் பேசாம இருந்தா, "உம்முனு இருக்கே"ன்னு கிண்டல் பண்ணாதீங்க. மதியம் சோத்துப் பொட்டியைத் திறந்து கொஞ்சம் தள்ளி வைங்க. அதுவும் ஓட்டற வேலைதான்.



– ஒரு தறி வீட்டுப் பெண்,
பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு