நில்லாத மூடி

பழைய காரின் டிக்கி மூடி திறந்தபடி நில்லாது கீழே விழுவதைப் பலர் ஒரு பழுதாகவே கணிப்பதில்லை. தும்புத்தடித் துண்டொன்றை முட்டுக் கொடுத்துவிட்டால் அலுவல் முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். கொட்டாஞ்சேனையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் தமது 1980களின் நிசான் சனிக் காருக்கு நெடுநாள் அவ்வாறே செய்துவந்தார். ஒருநாள் தடி வழுகியது; மூடி அவர் மனைவியாரின் முன்னங்கையில் விழுந்தது. எலும்பு முறியாதது நற்பேறு. அதன் பின்னரே அவர் ஒருகொடவத்தைக்குப் போனார்.

பாரவூர்திகளும் கொள்கலன்களும் ஓயாது அசையும் வட்டாரம் அது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் வாகனப் பொறியியல் பயிற்சி நிலையமும் அங்கேயே உள்ளது. பழைய காரைப் பேணுவது இந்நாட்டில் வெறும் பொழுதுபோக்கன்று. 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்பட்டிருந்தது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி பலருக்கு இருக்கவில்லை.

"புதுக் கம்பி போட்டுவிடுங்கோ, தம்பி" என்றார் ஆசிரியர்.

"பொறுங்கோ மாஸ்டர். கம்பி என்ன பிழை செய்தது எண்டு முதல் பார்ப்பம்" என்றார் கராஜ்காரர்.

அவர் கூறியதே இவ்விடயத்தின் உயிர்நிலை. மொரிஸ் மைனர் போன்ற முந்திய கார்களில் மூடியைத் தாங்குவது ஒரு தாங்குகோல். அது வளைந்ததா, அதன் கொழுவி தேய்ந்ததா என்பது கண்ணுக்கே தெரியும். பின்வந்த பல யப்பானியக் கார்களிலோ, பின்னிருக்கைக்குப் பின்னால் குறுக்காக ஓடும் உருக்குக் கம்பிகள், மூடியைச் சாத்தும்போது முறுகி, திறக்கும்போது அம்முறுக்கை விடுவித்து மூடியை உயர்த்துகின்றன. நல்ல உருக்கு எளிதில் சோர்வதில்லை. ஆதலால் மூடி விழுந்தால், கம்பியின் நுனி அதன் பிடியிலிருந்து கழன்றுள்ளதா, பிடி துருவேறிப் பெயர்ந்துள்ளதா, மூடியின் பாரம் கூடியுள்ளதா என மூன்றையும் நோக்கவேண்டும். கீலுக்கு எண்ணெய் விட்ட மறுநாளே மூடி விழத் தொடங்குவதும் உண்டு: அதுவரை துருவின் உராய்வே அதனைத் தாங்கிநின்றது போலும்! வாயு அடைத்த தாங்கிகள் உள்ள கார்களின் கதை வேறு. அவற்றின் தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் மாற்றுவதே முறை. வெட்டவோ சூடாக்கவோ கூடாது.

ஆசிரியரின் காரில் கம்பிகள் பழுதின்றியே இருந்தன. மூடிதான் பாரமாகியிருந்தது. துருப்பிடித்த இடங்களில் தடித்த பற்றி பூசப்பட்டிருந்தது. அதன் விளிம்பில், மகன் வெளிநாடு போகுமுன் ஆசையோடு பூட்டிய ஸ்பொய்லர் ஒன்றும் இருந்தது. விசைத் திருப்பத்தை முப்பதாண்டு கற்பித்தவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கீலிலிருந்து 80 சென்ரிமீற்றரில் உள்ள 2 கிலோகிராம், 20 சென்ரிமீற்றரில் உள்ள 8 கிலோகிராமுக்கு ஒப்பானது. ஆயினும் அதனைக் கழற்ற அவர் மனம் இசையவில்லை.

"அதை விட்டிட்டுக் கம்பியை இன்னும் முறுக்க ஏலாதோ?"

"ஏலும் மாஸ்டர். இன்னும் ரெண்டு வெட்டு இருக்கு. ரெண்டையும் எடுத்தா, பிறகு பாரம் கூடினா எடுக்க மிச்சம் இல்லை. பிடியும் துருவேறினது, அவ்வளவு இழுவை தாங்குமோ தெரியாது."

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "கழற்றுங்கோ" என்றார்.

ஸ்பொய்லர் கழற்றப்பட்டது. கம்பியின் நுனி நீண்ட நெம்புகோலால் அடுத்த வெட்டுக்கு மாற்றப்பட்டது. முறுகிய கம்பி கைதவறினால் பல்லையும் விரலையும் பதம்பார்க்கும். கராஜ்காரர் முகத்தை விலக்கியே வேலை செய்தார். பின்னர், மூடி உயர்ந்து நிற்கிறதா, பூட்டு இலகுவாய் விழுகிறதா எனப் பலமுறை திறந்து சாத்திப் பார்த்தார். ஸ்பொய்லர் பழைய வீரகேசரித் தாளில் சுற்றப்பட்டு டிக்கிக்குள் வைக்கப்பட்டது.