அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா?

காசுள்ளவர்கள் தனியாரிடமும் இல்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் போவார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் நான் காண்பது அப்படியல்ல. தோட்டக் கூலிக்குப் போகும் பெண்கள்தான் காய்ச்சல், தலைச்சுற்று, கைகால் உளைவு என்றால் பின்னேரத்தில் தனியாரிடம் போகிறார்கள்.

காரணம் நேரம். கிளினிக் நாளென்றால் நான் முதல் பஸ்ஸில் போய் இலக்கத் துண்டு எடுக்க வேண்டும். சீனி பார்க்க வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்து வரிசையில் நின்று வெளியே வர மத்தியானம் தாண்டிவிடும். அன்றைய கூலி போனதுதான். பின்னேரம் தனியாரிடம் போனால் காசு போகும், கூலி போகாது. இந்தக் கணக்கு விளங்காமல், "சும்மா கிடைக்கிறதுக்கு ஏன் காசைக் கொட்டுறியள்?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும்.

இலங்கையில் அரச வைத்தியசாலைக் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியதும் வருபவர்களின் தொகை குறைந்தது. 25 சதத்துக்கே அப்படி! 1977 இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில்தான் அரச வைத்தியர்கள் கடமை நேரம் முடிந்தபின் தனியாக நோயாளரைப் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. அதனால்தான் காலையில் வாட்டில் நிற்கும் டொக்டரையே பின்னேரம் காசு கட்டிச் சனல் பண்ணிக் காண்கிறோம். மருத்துவம் ஒன்றுதான். பின்னேரம் அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வார், நாங்கள் சொல்வதைக் கேட்பார். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் பெரும்பாலும் காசு கொடுக்கிறோம். காலையில் நூறு பேரைப் பார்ப்பவரிடம் அந்த நேரம் இல்லை, அது அவர் குற்றமுமல்ல. ஆனால் கிளினிக் கொப்பியை மேசையில் எறிந்து, எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவதற்கு நேரக்குறைவைக் காரணம் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பில் கட்டி. கணவரை 2009 இல் இழந்தவர், இரண்டு பிள்ளைகளும் படிக்கின்றன. ஆண் டொக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்துவிட்டு, பெண் டொக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தனியாரிடம் போனார். அங்கேயே கட்டியை எடுக்க எவ்வளவு முடியும் என்று சொன்னதும், தோட்டையும் சங்கிலியையும் அடகு வைக்க வெளிக்கிட்டுவிட்டார். "அக்கா, அந்த டொக்டரிட்டைக் கடிதம் வாங்குங்கோ, பெரியாஸ்பத்திரி வாட்டிலை சேரலாம்" என்று மறித்தேன். கடிதத்தோடு போனார், கட்டியை எடுத்தார்கள். பிறகு தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை. எதற்கும் கட்டணம் கேட்கவில்லை.

இந்த நாட்டில் வெளிநோயாளர் சிகிச்சையில் ஏறக்குறையப் பாதி தனியாரிடம் நடக்கிறது. ஆனால் வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரச வைத்தியசாலைகளில்தான். எங்களுக்கு அதில் இன்னொரு கதையும் உண்டு. 2009 இல் மாத்தளன் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் எங்கள் காயங்களைக் கட்டியவர்கள் அரச வைத்தியர்களும் தாதிமாரும்தான்.

வெட்கத்துக்கும் வழி இருக்கிறது. 35 வயதான பெண்களுக்கென்று 1996 முதல் தனிக் கிளினிக் நடக்கிறது. மார்பையும் கருப்பைக் கழுத்தையும் அங்கே இலவசமாகப் பரிசோதிப்பார்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவைக் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். அக்காவுக்கு இது முன்னமே தெரிந்திருந்தால் அத்தனை மாதம் பயந்துகொண்டு இருந்திருக்கமாட்டார்.

இலவசம் என்றாலும் செலவு இல்லாமலில்லை. 2022 தட்டுப்பாட்டின்போது அரச ஆஸ்பத்திரியிலும் மருந்தைத் துண்டில் எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள். தெல்லிப்பழைக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். அதைவிடப் பெரிய கரைச்சல், துணைக்கு நிற்க ஆளில்லாதது. ஆண் துணையற்ற வீட்டில் தாய் வாட்டில் படுத்தால் பிள்ளைகளுக்கு யார் சோறு கொடுப்பது? அக்கா வாட்டில் இருந்த நாட்களில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் முறை வைத்து அவருடன் நின்றோம். ஒருத்தி கூலியை விட்டுப் போகும் நாளில் மற்றவள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சமைப்பாள்.