கருவாட்டு வெள்ளி

தவக்கால வெள்ளிகளில் எங்கள் குறிஞ்சிப்பாடி இல்லத்தில் இறைச்சிக்கு இடமில்லை. அவ்விடத்தைக் கடலூர்க் கருவாடு பிடித்துக்கொள்ளும். கூடவே ஊறுகாயும் அப்பளமும். பெயர் ஒறுத்தல், சுவைக்கோ குறைவில்லை!

இதய நோயாளியான என் தந்தைக்கு மருத்துவர் முதலில் தடுத்தது உப்பைத்தான். உப்பு மிகுந்தால் உடலில் நீர் தேங்கும். இரத்த அழுத்தம் உயரும். இதயத்தின் சுமை கூடும். வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கருவாட்டின் உப்பும் அந்தக் கணக்கில் சேரும் என்று அப்பாவுக்கு உணர்த்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கருவாட்டை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முற்றிலும் போவதில்லையே!

இப்போது அம்மா புது மத்தி வாங்கி, புளியும் மிளகும் கூட்டி, உப்பைக் குறைத்துக் குழம்பு வைக்கிறார். முதல் கவளத்தை விழுங்கிய அப்பா சொன்னார்: "இதுவல்லவோ ஒறுத்தல்!"