பதினெட்டு பிளஸ்

தில்லி மலை மந்திர் வாசலில் ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், எந்தக் காரைத் திருடினால் போலீஸ் துரத்தாது என்று மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்கிற ஜிடிஏ வீடியோ கேம்தான், வேறென்ன!

அந்த வரிசையில் 2004-இல் வந்த சான் ஆண்ட்ரியாஸுக்கு, கேம்களுக்கு வயதுக் குறி தரும் அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி முதலில் கொடுத்தது 17+. உள்ளே புதைந்து கிடந்த படுக்கையறைக் காட்சியை யாரோ மாட் (கேமை மாற்றும் நிரல்) போட்டு வெளியே எடுத்ததும், 2005 ஜூலையில் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று மாற்றினார்கள். அங்கே பெரிய கடைகள் அலமாரியிலிருந்தே தூக்கிவிட்டன. நம்ம ஆர்.கே.புரத்துக்கு அது வந்ததோ பாலிகா பஜார் வழியாக: பிளாஸ்டிக் உறைக்குள் டிவிடி, மேலே மார்க்கரில் பெயர். வயதுக் குறி போட அட்டையே கிடையாது.

சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. 2024-இல் யு/ஏவையே 7, 13, 16 என்று பிரித்தார்கள். வீடியோ கேமுக்கு அப்படி ஒன்று இங்கே இல்லை. 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தின் குறி, பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள்மீது.

துப்பாக்கிகூட எனக்குப் பெரிதில்லை. ஜிடிஏ ஐந்தில் நாயகர்கள் மூன்று பேருமே ஆண்கள். பெண்கள் அதில் எப்படி வந்துபோகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. பிள்ளைகளை விடுங்கள், “சும்மா கார் கேம்தானே” என்று கார்டு நம்பரைக் கொடுக்கும் அப்பாக்களை முதலில் அரை மணி நேரம் ஆடவைக்க வேண்டும்.